ஒரு மால்டீஸ் குட்டியும் ஒரு தேக்கரண்டி சிறுநீரும்: கழிப்பிடப் பழக்கம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

கால்நடை மருத்துவரான என்னிடம் கொண்டுவந்தபோது சிட்டுவுக்கு ஐந்து மாதம் முடிந்திருந்தது. பெண் மால்டீஸ் நாய்க்குட்டி, எடை 1.9 கிலோ. தடுப்பூசிகள் எல்லாம் போட்டாயிற்று. சாப்பாடு நன்றாக எடுக்கிறது, விளையாட்டுக்கும் குறைவில்லை. அழைத்து வந்த தம்பதிக்குப் புகார் ஒன்றே ஒன்றுதான்.

"எங்க போகணும்னு இதுக்கு நல்லாத் தெரியும் டாக்டர். கீழ கூட்டிட்டுப் போய் அரை மணி நேரம் நடக்க விடுறோம், ஒரு சொட்டு போகாது. மேல வந்து கதவைச் சாத்துறதுக்குள்ள சோபாவுக்குப் பின்னாடி போய் ஒண்ணுக்குப் போயிட்டு வந்துடுது. வேணும்னே பண்ணுதுங்க."

அடுக்குமாடி வீடு. கணவன், மனைவி, பள்ளியில் படிக்கும் மகள், கணவரின் தாயார் என நால்வர். இரண்டு மாத வயதில் ஒரு கடையிலிருந்து வாங்கிய குட்டி. அங்கே கம்பிக் கூண்டில், காகிதம் விரித்த தரையில் இருந்திருக்கிறது. வீட்டுக்கு வந்த பிறகு முயன்றவை ஏராளம். முதலில் ஹால் முழுக்க ட்ரெயினிங் பேட் (சிறுநீரை உறிஞ்சும் மெத்தென்ற விரிப்பு) விரித்தார்கள். பிறகு, "பேட் போட்டா வீட்டுக்குள்ளயே பழகிடும்" என்று யாரோ சொல்ல, எடுத்துவிட்டார்கள். க்ரேட் (குட்டி படுக்கும் மூடிய கூண்டு) வாங்கினார்கள், அதற்குள்ளேயே போய்விட்டு அதன் மேலேயே படுத்திருந்தது. அதட்டினார்கள். ஈரத்தில் மூக்கை வைத்துத் தேய்த்தார்கள். கடைசியாக, இரவில் வயிறு காலியாக இருந்தால் போகாது என்று ராத்திரிச் சாப்பாட்டையும் மாலைத் தண்ணீரையும் நிறுத்தினார்கள். எந்த முறையும் சில நாட்களுக்கு மேல் தொடரவில்லை, எதுவும் பலிக்கவுமில்லை. "சின்ன பிரீடுன்னா அப்படித்தான், விட்டுடுங்க" என்று ஒரு பயிற்சியாளர் கைவிரித்த பிறகு என்னிடம் வந்தார்கள்.

அந்த வாக்கியத்தை நான் அடிக்கடி கேட்கிறேன். கேட்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது, ஏனென்றால் வீட்டைவிட்டு அனுப்பப்படும் குட்டிகளில் பல இந்த வாக்கியத்தோடுதான் வெளியேறுகின்றன. சிறிய இன நாய்களுக்குக் கழிப்பிடப் பழக்கம் முழுமையாக வருவது பெரிய நாய்களைவிடக் குறைவு என்பது உண்மைதான்; 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வும் இதைச் சொல்கிறது. காரணம் குட்டியின் பிடிவாதம் என்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை. சிட்டுவின் விஷயத்தில் காரணம் வேறு. அது கற்றுக்கொள்ளாத குட்டியே அல்ல. மிக நன்றாகக் கற்றிருந்தது, ஆனால் யாரும் கற்றுக்கொடுக்க நினைக்காத பாடங்களை.

முதலில் உடல்

கழிப்பிடப் பழக்கம் வரவில்லை என்று கொண்டுவரப்படும் எந்தக் குட்டியையும் முதலில் நோயாளியாகத்தான் பார்க்க வேண்டும். சிறுநீர்ப்பையில் தொற்று இருந்தால் அதனால் அடக்க முடியாது. அந்த நிலையில் பயிற்சி கொடுப்பது வீண், கொடுமையும்கூட. பெண் குட்டிகளிடம் இன்னொன்றையும் மனதில் வைக்க வேண்டும்: சிறுநீரகத்திலிருந்து இறங்கும் குழாய் சிறுநீர்ப்பையில் சேர வேண்டிய இடத்தில் சேராமல், அதைத் தாண்டிக் கீழே போய்த் திறக்கும் பிறவிக் குறை. அப்படிப்பட்ட குட்டிக்குத் தூக்கத்திலும் சொட்டும். பின்பக்க முடி எந்நேரமும் ஈரமாகவே இருக்கும்.

சிட்டு படுத்து எழுந்த துணி காய்ந்தே இருக்கிறது என்று பாட்டி உறுதியாகச் சொன்னார். பின்பக்க முடியும் உலர்ந்திருந்தது. சிறுநீரில் இரத்தமோ சீழணுக்களோ சர்க்கரையோ இல்லை, அடர்த்தியும் நன்றாக இருந்தது. மலத்தில் புழு முட்டையோ ஜியார்டியா என்ற குடல் ஒட்டுண்ணியோ தென்படவில்லை. ஒரு நாய் நாளொன்றுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 100 மி.லி.க்கு மேல் தண்ணீர் குடித்தால் சந்தேகப்பட வேண்டும். தண்ணீர்த் தடையை நீக்கிவிட்டு அளந்து பார்க்கச் சொன்னதில், சிட்டு குடித்தது அந்த அளவில் பாதியைச் சற்றே தாண்டியது. உடம்பில் கோளாறு இல்லை.

ஆனால் பாட்டி போகிற போக்கில் சொன்ன இன்னொரு செய்தி என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. காலையில் எழுந்ததும் குட்டி கொஞ்ச நேரம் தள்ளாடுகிறதாம், உடம்பு நடுங்குகிறதாம், சாப்பிட்டதும் சரியாகிவிடுகிறதாம். இரண்டு கிலோகூட இல்லாத குட்டியின் கல்லீரலில் சேமிப்பு மிகக் குறைவு. நீண்ட நேரம் வயிறு காலியாக இருந்தால் இரத்தச் சர்க்கரை சட்டென்று இறங்கும். வலிப்பு வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். சிவாவா, யார்க்‌ஷயர் டெரியர், பொமரேனியன், மால்டீஸ் போன்ற மிகச் சிறிய இனங்களின் குட்டிகளில் இதை மருத்துவர்கள் நன்கு அறிவார்கள். அன்றிரவே சாப்பாட்டைத் திரும்பக் கொடுக்கச் சொன்னேன்: ஒரு நாளைக்கு நான்கு வேளை, கடைசி வேளை படுப்பதற்கு முன், தண்ணீர் எப்போதும் கிண்ணத்தில். தள்ளாட்டம் நின்றுவிட்டது. கழிப்பிடப் பழக்கத்துக்காகக் குட்டியைப் பட்டினி போடக் கூடாது, தாகத்தில் விடவும் கூடாது. இந்த ஆய்வில் வேறெதையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

சிறியதன் கணக்கு

நாயின் சிறுநீர் உற்பத்தி சாதாரணமாக ஒரு மணி நேரத்துக்குக் கிலோவுக்கு 1 முதல் 2 மி.லி. சிட்டுவின் எடைக்கு இது மணிக்கு 2 முதல் 4 மி.லி. வரை. இரண்டு மணி நேரம் அடக்கிவிட்டுப் போனாலும் வெளியேறுவது ஒரு தேக்கரண்டி, மிஞ்சினால் ஒன்றரைத் தேக்கரண்டி. அதே இரண்டு மணி நேரத்தில் முப்பது கிலோ நாயிடமிருந்து ஒரு டம்ளர் அளவுக்கு வந்துவிடலாம். பெரிய நாயின் குட்டி ஹாலில் போய்விட்டால் வீடே திரண்டு வரும்; அன்றே அதற்கு ஒரு வழி செய்வார்கள். சிட்டு கார்ப்பெட்டில் விட்ட தேக்கரண்டி சிறுநீர் அரை நிமிடத்தில் உறிஞ்சப்பட்டுவிடும். யாருக்கும் தெரியாது. ஆனால் குட்டிக்குத் தெரியும்: வயிற்றுப் பாரம் இறங்கிய நிம்மதி அங்கேதான் கிடைத்தது, வாசனையும் அங்கேதான் நிற்கிறது. ஒவ்வொரு முறையும் அந்த இடம் கூடுதலாகக் கழிப்பிடமாகிறது.

உடலின் வேகமும் இதோடு சேர்கிறது. ஓய்வில் இருக்கும் நாயின் ஆற்றல் தேவையைக் கணக்கிடும் வழக்கமான சூத்திரத்தின்படி, இரண்டு கிலோ உடம்பு ஒவ்வொரு கிலோவுக்கும் எரிக்கும் ஆற்றல், முப்பது கிலோ உடம்பு எரிப்பதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு. அதற்கேற்ப அடிக்கடி சாப்பாடு, அடிக்கடி கழிவு. மாத வயதோடு ஒன்றைக் கூட்டினால் அத்தனை மணி நேரம் குட்டி அடக்கும் என்று ஒரு கணக்கு பரவலாகச் சொல்லப்படுகிறது. ஐந்து மாதம் என்றால் ஆறு மணி நேரம். தூக்கத்தில் இது சரிவரலாம். விழித்து ஓடி விளையாடும் இத்தனை சிறிய குட்டியிடம் பகலில் அதை எதிர்பார்க்கக் கூடாது.

வீட்டில் கண்டது

வீட்டைப் பார்க்காமல் இந்த மாதிரி நிகழ்வுகளில் நான் திட்டம் சொல்வதில்லை. அதற்கு முன் ஒரு வாரம் குறிப்பேடு எழுதச் சொல்லியிருந்தேன்: எழுந்தது, சாப்பிட்டது, விளையாடியது, போனது, எந்த இடம், அப்போது யார் யார் வீட்டில். நான் மாலையில் போனபோது மகள் அதை நீட்டினாள். அழகாகக் கோடு போட்டு எழுதியிருந்தாள். படித்ததும் ஒன்று பளிச்சென்று தெரிந்தது. வீட்டில் பாட்டி மட்டும் இருக்கும் மதிய நேரத்தில் தவறுகள் மிகக் குறைவு. நால்வரும் ஹாலில் உட்கார்ந்திருக்கும் மாலை வேளையில்தான் அதிகம். அவர் பார்த்துக்கொள்வார் என்று இவரும், இவர் பார்த்துக்கொள்வார் என்று அவரும் இருந்ததில் யாருமே பார்க்கவில்லை.

இருட்டியதும் விளக்குகளை அணைத்துவிட்டுப் புற ஊதா டார்ச்சை அடித்தேன். காய்ந்த சிறுநீர் அந்த ஒளியில் மங்கலான மஞ்சள்பச்சையாக ஒளிரும். அவர்கள் சொன்னது சோபாவின் பின்புறம் மட்டும். ஒளிர்ந்தது அதோடு நிற்கவில்லை. வாசல் கால்மிதியின் ஓரம், பூஜை அறைக் கால்மிதி, கார்ப்பெட்டின் இரண்டு மூலைகள், சாப்பாட்டு மேசைக்குக் கீழே விரிப்பில் ஒரு நாற்காலிக் காலைச் சுற்றி, குளியலறை வாசல் கால்மிதி. அந்த வீட்டம்மாவின் முகம் வாடிவிட்டது. நாள் தவறாமல் துடைக்கிறேனே என்றார். துடைத்தது உண்மை, அம்மோனியா கலந்த திரவத்தால் துடைத்திருந்தார். சிறுநீரிலும் அம்மோனியாவின் நெடி உண்டு. நம் மூக்குக்குச் சுத்தமாகத் தோன்றிய தரை, குட்டியின் மூக்குக்கு அதே இடத்துக்கு வரச்சொல்லும் அழைப்பாக இருந்திருக்கலாம்.

ஒளிர்ந்த இடங்களில் ஒரு ஒற்றுமை இருந்தது. வெறும் தரையில் ஒன்றுகூட இல்லை. எல்லாமே துணி, நூல், பஞ்சு. அதாவது முதல் மாதத்தில் விரித்த பேட்டைப் போலவே காலுக்கு மெத்தென்று படுவது. குட்டிகள் மூன்று வார வயதில் படுக்கையை விட்டு விலகிப் போய்க் கழிக்கத் தொடங்குகின்றன. எட்டு வாரத்தையொட்டி எந்த மாதிரித் தரையில் போவது என்ற விருப்பம் உறுதிப்படத் தொடங்குகிறது. அமெரிக்காவின் ஜாக்சன் ஆய்வுக்கூடத்தில் ஸ்காட், ஃபுல்லர் இருவரும் பல ஆண்டுகள் குட்டிகளைக் கவனித்து 1965-இல் வெளியிட்ட பதிவுகளில் இந்த வளர்ச்சிப் படிகள் உண்டு. அந்த வயதில் சிட்டு இருந்தது கம்பிக் கூண்டில். விலகிப் போக இடமே இல்லை. படுக்கும் இடத்தையும் கழிக்கும் இடத்தையும் பிரிக்கும் இயல்பு அங்கேயே மழுங்கிவிட்டது. க்ரேட் இந்தக் குட்டிக்கு ஏன் உதவவில்லை என்பதற்கு வேறு விளக்கம் தேவையில்லை. கடையிலிருந்து வாங்கப்பட்ட நாய்களிடம் வீட்டுக்குள் அசுத்தம் செய்வது கூடுதலாக இருப்பதை 2013-இல் அமெரிக்கக் கால்நடை மருத்துவ சங்க இதழில் வந்த ஆய்வும் காட்டியது.

பிறகு குடும்பத் தலைவரை வழக்கம்போலக் குட்டியைக் கீழே கூட்டிப்போகச் சொல்லிக் கூடவே நடந்தேன். சிட்டு முகர்ந்தது, வட்டமிட்டது, அவரை நிமிர்ந்து பார்த்தது, நகர்ந்துவிட்டது. மறுபடி வட்டம், மறுபடி அதே பார்வை. லீஷ், அதாவது பிடிகயிறு, நான்கடி. இந்த மனிதர் பக்கத்தில் இருக்கும்போது உட்கார்ந்தால் மூக்கைத் தேய்ப்பார் என்பது அதன் அனுபவம். இன்னொன்றையும் அவரே சொன்னார்: "எப்பவாவது போச்சுன்னா உடனே மேல தூக்கிட்டு வந்துடுவோம், வேலை முடிஞ்சுதே." அந்தக் குட்டிக்கு நாளில் கிடைக்கும் மிகப் பெரிய இன்பம் வெளியில் முகர்ந்து திரிவது. போனால் அந்த இன்பம் முடிந்துவிடும், போகாமல் இருந்தால் நீளும். அரை மணி நேரம் ஒரு சொட்டும் போகாததன் ரகசியம் இவ்வளவுதான்.

"வேணும்னே" என்று அவர்கள் சொன்னதற்குச் சாட்சியாகக் காட்டிய காட்சி ஒன்று: அவர் வேலை முடிந்து வந்து குனிந்து குரலை உயர்த்தினால் சிட்டு காதைப் பின்னால் மடித்து, தரையோடு ஒட்டிக்கொண்டு, அங்கேயே சில சொட்டு விடும். இது கழிப்பிடப் பழக்கத்தில் சேராது. பயத்தில், பணிவில் தானாகக் கசிவது. திட்டினால் கூடும். இதைத் தனியாகப் பிரித்து எழுதச் சொன்னேன்.

திட்டம்

இடத்தைத் தேர்ந்தெடுப்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. லிஃப்டுக்குக் காத்திருந்து கீழே இறங்குவதற்குள் ஒரு தேக்கரண்டி சிறுநீர்ப்பை நிரம்பி வழிந்துவிடும். இத்தனை சிறிய குட்டிக்கு, அடுக்குமாடியில், வீட்டெல்லைக்குள் ஒரு கழிப்பிடம் இருப்பது தவறே இல்லை. கேள்வி, அது எதனால் ஆனது என்பதுதான். மறுபடி பேட் வைத்தால் கால்மிதிக்கும் பேட்டுக்கும் குட்டியின் காலடியில் வித்தியாசம் தெரியாது. அதனால் பால்கனியில் நிஜப் புல் வளர்ந்த தட்டு வைத்தோம். கீழே தோட்டத்தில் படுவதும் புல், இங்கே படுவதும் புல், வீட்டுக்குள் வேறெங்கும் புல் கிடையாது.

கார்ப்பெட்டைச் சுருட்டி எடுத்தார்கள். கால்மிதிகள் அனைத்தும் போயின. ஒளிர்ந்த இடங்களைச் சிறுநீரைச் சிதைக்கும் என்சைம் கிளீனரால் ஊறவைத்து, தானாகக் காயவிட்டார்கள். தேய்த்துத் துடைத்துவிட்டால் என்சைமுக்கு வேலை செய்ய நேரம் கிடைக்காது. க்ரேட்டை ஓரம் கட்டினோம். பால்கனிக் கதவையொட்டி ஒரு சிறு தடுப்பு வேலி, ஒரு மூலையில் படுக்கை, எதிர் மூலையில் இன்னொரு புல் தட்டு. படுக்கையிலிருந்து எழுந்து விலகிப் போகும் பழக்கத்தை மறுபடி முளைக்க வைக்க வேண்டியிருந்தது.

வேலிக்கு வெளியே இருக்கும்போது சிட்டுவின் லீஷ் ஒருவர் இடுப்பில். அந்த ஒருவர் யார் என்பது எப்போதும் தெரிந்திருக்க வேண்டும். "நான் வச்சிருக்கேன்" என்று வாய்விட்டுச் சொல்லித்தான் கை மாற்ற வேண்டும். மாலை நேரத்து ஓட்டையை அடைத்தது இந்தச் சின்ன விதிதான்.

தூங்கி எழுந்ததும், சாப்பிட்டு முடித்ததும், விளையாட்டு நடுவில் ஒரு முறை, முடிந்ததும் ஒரு முறை, இவை எதுவுமில்லாவிட்டாலும் விழித்திருக்கும்போது ஏறக்குறைய மணிக்கொரு தரம் புல்லுக்கு அழைத்துப் போக வேண்டும். வயிறு நிரம்பியதும் பெருங்குடல் அசையத் தொடங்குவது இயல்பான அனிச்சைச் செயல். சாப்பிட்ட அரை மணிக்குள் மலம் கழிக்க வாய்ப்பு அதிகம். உட்காரத் தொடங்கும்போது மெல்லிய குரலில் "மூச்சா போ" என்று ஒரே சொல், நால்வருக்கும் அதே சொல். முடித்த கணமே, கால் நிமிர்வதற்குள், கையில் தயாராக இருக்கும் ட்ரீட். அறைக்குள் வந்து டப்பாவைத் திறந்து கொடுத்தால் குட்டி கற்பது அறைக்குள் வருவதைத்தான். கீழே தோட்டத்தில் என்றால் இன்னொரு விதி: போன பிறகுதான் நடையே தொடங்கும். முதலில் ஒரே இடத்தில் நின்று காத்திருப்பது, போனதும் "வா" என்று சுற்றக் கூட்டிப்போவது. நீளமான லீஷ் வாங்கச் சொன்னேன். கணவர் முகத்தைத் திருப்பி நின்றால் போதும்.

தண்டனை முழுவதுமாக நின்றது. ஈரத்தைக் கண்டால் பேசாமல் சுத்தம் செய்து, நேரத்தைக் குறிப்பேட்டில் எழுதுவது, அவ்வளவுதான். அவர் வீட்டுக்கு வந்தால் குனியாமல், பார்க்காமல், பக்கவாட்டில் உட்கார்ந்து குட்டி தானாக வரும்வரை இருக்க வேண்டும். இதுதான் எனக்கு ரொம்பக் கஷ்டம் என்றார் அவர். செய்தார்.

போன வழி

முதலில் மாறியது கசிவு. அவர் குரலைத் தாழ்த்திய சில நாட்களில் அது குறைந்து, பிறகு நின்றே போனது. புல் தட்டில் போவது இத்தனை வேகமாக வரவில்லை. தொடக்கத்தில் சிட்டு புல்லில் நின்று முகர்ந்துவிட்டு இறங்கிவிடும். அதன் சிறுநீர் பட்ட துணித் துண்டைத் தட்டின் ஓரத்தில் செருகி வைத்த பிறகுதான் உட்கார்ந்தது.

உண்மையான திருப்பத்தைக் கொண்டுவந்தவர் பாட்டி. ஒரு நாள் தொலைபேசியில் அழைத்து, "டாக்டர் தம்பி, அது போறதுக்கு முன்னாடி என்ன பண்ணுதுன்னு கண்டுபிடிச்சுட்டேன்" என்றார். முகர்வதும் சுற்றுவதும் எல்லோரும் சொல்லும் அறிகுறிகள். சிட்டு அவற்றைச் செய்ய நேரம் எடுத்துக்கொள்வதில்லை. அதற்கும் முன்னால், வாயில் இருக்கும் பொம்மையைக் கீழே போட்டுவிட்டு ஒரு கணம் அசையாமல் நிற்கும். வாலின் சுருள் சற்றுத் தளரும். அந்த ஒரு கணம்தான் நமக்குக் கிடைக்கும் நேரம். இதைத் தெரிந்துகொண்ட பிறகு மற்ற மூவரும் அதையே பார்க்கத் தொடங்கினார்கள். மாலை நேரத் தவறுகள் குறிப்பேட்டிலிருந்து மறையத் தொடங்கியது அப்போதுதான். இரவுகள் தாமாகவே சரியாகின. படுக்கும்முன் ஒரு முறை புல், விடிந்ததும் ஒரு முறை, நடுவில் வேலிக்குள் இருந்த தட்டு.

வீட்டை அறை அறையாகத் திறந்தோம். ஹாலில் சில வாரங்கள் தவறு இல்லாமல் போனால் அடுத்து படுக்கையறை, அங்கேயும் முதலில் லீஷோடு. பொறுமை தேவைப்பட்ட கட்டம் இது. நன்றாகப் போகிறதே என்று எல்லாக் கதவுகளையும் ஒரே நாளில் திறந்துவிடுவதில்தான் பல வீடுகளில் உழைப்பு வீணாகிறது.

சிட்டுவுக்கு ஏழு மாதம் நடக்கும்போது கணவர் அழைத்தார். குரலே சரியில்லை. "பழைய குருடி கதவைத் திறடின்னு ஆயிடுச்சு டாக்டர்." இரண்டு நாட்களாக நிமிடத்துக்கொரு தரம் சொட்டுச் சொட்டாகப் போகிறது, சோபா ஓரத்திலும் போகிறது. பழக்கம் மறந்துவிட்டது என்று முடிவு கட்டும் முன் சிறுநீரை மறுபடி பரிசோதித்தேன். தொற்று இல்லை. பின்புறம் வீங்கியிருந்தது, அந்த வாரத்திலேயே இரத்தப்போக்கும் தொடங்கியது. முதல் ஹீட், அதாவது முதல் இனச்சேர்க்கைப் பருவம். சிறிய இனப் பெண் குட்டிகளுக்கு இது ஆறு மாதத்திலிருந்தே வரலாம். அந்தச் சமயத்தில் அடிக்கடி சிறிது சிறிதாகப் போவது இயல்பு, ஆண் நாய்களுக்கான அறிவிப்பு அது. திட்டத்தில் எதையும் மாற்றவில்லை. ஹாலை மட்டும் விட்டுவிட்டு மற்ற அறைகளை மூடி, லீஷை மறுபடி இடுப்பில் கட்டினார்கள். ஹீட் முடிந்ததும் சிட்டு பழையபடி புல்லுக்கே போனது. முன்பு எடுத்த காலத்தில் ஒரு சிறு பங்கே இம்முறை ஆனது.

இன்றைய நிலை

இப்போது சிட்டுவுக்கு ஒன்பது மாதம், எடை 2.6 கிலோ. பால்கனிக் கதவு மூடியிருந்தால் அதன் முன் உட்கார்ந்து கண்ணாடியைக் காலால் சுரண்டுகிறது. இதை யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. தோட்டத்தில் இறங்கியதும் போய்விட்டு, நடைக்குத் தயாராகக் கணவரைப் பார்க்கிறது. க்ரேட்டைத் திறந்த நிலையில் சாப்பாட்டுக் கிண்ணத்தோடு அறிமுகப்படுத்தி வருகிறார்கள். பகல் தூக்கத்துக்குத் தானே உள்ளே போகிறது, உள்ளே அசுத்தம் செய்வதில்லை. பயணத்துக்கும் மருத்துவமனையில் தங்கவும் அது தேவைப்படும் என்பதால் இந்த வேலையை விடவில்லை.

முழுமையாகத் தீராதது ஒன்று உண்டு. குளியலறைக் கால்மிதியைத் திரும்பப் போட்ட அன்றே சிட்டு அதில் போய்விட்டது. கார்ப்பெட்டை இன்னும் விரிக்கவில்லை. துணித் தரை மீதான அந்த முதல் விருப்பம் அழிந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். அதற்கு மேல் ஒரு வலுவான பழக்கம் வந்து உட்கார்ந்திருக்கிறது. ஒரு வயது நிறையும்வரை கால்மிதி வேண்டாம், குளியலறைக் கதவு மூடியே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். உறவினர் வீட்டுக்குப் போனால் முதல் நாள் லீஷ் கட்டாயம், புல் தட்டையும் எடுத்துச் செல்ல வேண்டும். தன் வீட்டில் கற்றதை வேறொரு வீட்டுக்கு நாய் தானாகப் பொருத்திக்கொள்ளாது.

ஹீட் முடிந்து மூன்று மாதம் கழித்துக் கருத்தடை அறுவை செய்வதாகத் திட்டம். அப்போது இன்னொரு முறை சிறுநீர்ப் பரிசோதனை செய்வேன். மகள் இன்னும் குறிப்பேடு எழுதுகிறாள், பக்கங்கள் பெரும்பாலும் வெறுமையாகவே இருக்கின்றன.